வேலூரிலிருந்து திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்கு: முதன்முறை செல்பவர்களுக்கான வழிகாட்டி

வேலூர், காட்பாடி, ஆற்காடு, இராணிப்பேட்டை, குடியாத்தம் வட்டாரங்களில் இருந்துகொண்டு, பழைய படங்களையும் வழக்கத்திற்கு மாறான படங்களையும் பெரிய திரையில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, ஓர் இரவுப் பயணத்தில் சென்று சேரக்கூடிய நல்ல இடம் திருவனந்தபுரம். கேரள மாநிலச் சலச்சித்திர அகாதெமி ஆண்டுதோறும் டிசம்பரில் அங்கே சர்வதேசத் திரைப்பட விழாவை நடத்துகிறது. பணம் கட்டி டெலிகேட்டாகப் பதிவு செய்துகொள்ளும் எவரும் எட்டு நாளும் படம் பார்க்கலாம். திரைத்துறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை.

ஆனால், இரயில் சீட்டு, பதிவு, தங்குமிடம், இருக்கை முன்பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு உண்டு. அந்தக் கெடுக்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்பதுதான் வெளியூர்க்காரர்களுக்குப் பெரிய சிக்கல். எந்த வேலையை எப்போது செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் யாரும் வரிசைப்படுத்திச் சொல்லாததால் நான் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. தேதியை நீங்களே கணித்துக்கொள்ளுங்கள்

அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால் இரயிலில் இடம் கிடைக்காது. அண்மை ஆண்டுகளில் விழா டிசம்பர் மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை தொடங்கி, அடுத்த வெள்ளிக்கிழமை முடிந்திருக்கிறது. 2023இல் டிசம்பர் 8 முதல் 15 வரை, 2024இல் 13 முதல் 20 வரை, 2025இல் 12 முதல் 19 வரை நடைபெற்றது. எனவே நாட்காட்டியைப் பார்த்து உத்தேசமாக நாளைக் குறித்துக்கொண்டு, அகாதெமியின் அறிவிப்பு வந்ததும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த வாரம் பெரும்பாலும் அரையாண்டுத் தேர்வோடு மோதும். கல்லூரி மாணவர்களுக்கும் பருவத் தேர்வு இதை ஒட்டியே வரும். எட்டு நாளும் இருந்தால்தான் பயன் என்று எண்ணிப் பயணத்தையே கைவிட வேண்டாம். முதன்முறை செல்பவர்களுக்கு நான்கு நாள் போதும். அதற்கு மேல் போனால் பார்த்த படங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. வியாழன் இரவு கிளம்பி, வெள்ளி முதல் திங்கள் வரை இருந்து திரும்பினால், அலுவலகத்தில் இரண்டு நாளோ மூன்று நாளோ விடுப்பு எடுத்தால் போதும்.

2. இரயில் சீட்டைப் பதிவுக்கு முன்பே எடுங்கள்

டெலிகேட் பதிவு நவம்பர் பிற்பகுதியில்தான் திறக்கும் என்று எதிர்பார்க்கலாம். இரயில் முன்பதிவோ பயண நாளுக்கு 60 நாள் முன்பு, அதாவது அக்டோபர் இரண்டாம் வாரத்திலேயே, காலை 8 மணிக்குத் தொடங்கிவிடும். பதிவு உறுதியான பிறகு சீட்டு எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். மண்டல காலம் என்பதால் நவம்பர் நடுப்பகுதி முதல் டிசம்பர் இறுதிவரை கேரளம் செல்லும் இரயில்கள் அனைத்தும் சபரிமலை பக்தர்களால் நிரம்பியிருக்கும். எனவே சீட்டை முதலில் எடுங்கள். பதிவு கிடைக்காமல் போனால், புறப்பாட்டுக்குப் பல நாள் முன்பாகவே இரத்து செய்துவிட்டால், ஸ்லீப்பர் பெட்டிக்குச் சிறு தொகைதான் பிடித்துக்கொள்வார்கள்.

சென்னை சென்ட்ரலில் புறப்படும் திருவனந்தபுரம் மெயிலும் திருவனந்தபுரம் சூப்பர்ஃபாஸ்டும் காட்பாடியில் நிற்கின்றன. மெயிலில் இரவு ஏறினால் மறுநாள் நண்பகலில்தான் இறங்க முடியும். அன்றைய காலைக் காட்சிகள் போய்விடும். சூப்பர்ஃபாஸ்ட் மாலையில் காட்பாடியைக் கடந்து மறுநாள் காலையில் சேர்ந்துவிடுகிறது. விடுப்பு அரை நாள் கூடுதலாகத் தேவைப்பட்டாலும் நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். கட்டணம் ஸ்லீப்பரில் 450 ரூபாய் அளவிலும், மூன்றடுக்கு ஏசியில் 1,200 ரூபாய் அளவிலும் இருக்கும். வாணியம்பாடி, திருப்பத்தூர்ப் பக்கத்தவர்கள் ஜோலார்பேட்டையிலும், அரக்கோணத்துக்காரர்கள் தங்கள் சந்திப்பிலும் ஏறுவது வசதி.

முன்பதிவு திறக்கும் காலையில் உட்கார்வதற்கு முன், உங்கள் ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத கணக்குகளுக்கு முன்பதிவு திறக்கும் முதல் நாளிலும் தட்கலிலும் சீட்டு கிடைக்காது. போகும் சீட்டை எடுத்தவுடன், திரும்பும் நாளுக்கான முன்பதிவு எந்த நாளில் திறக்கும் என்பதையும் குறித்துவையுங்கள். திரும்பும் வண்டியில்தான் நெரிசல் அதிகம்.

காத்திருப்புப் பட்டியலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. திருவண்ணாமலை வழியாகப் பேருந்தில் விழுப்புரம் போய், அங்கிருந்து நாகர்கோவில் செல்லும் இரயில் ஒன்றைப் பிடிக்கலாம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பேருந்து அடிக்கடி உண்டு. சுற்றுவழிதான் என்றாலும் சபரிமலைக் கூட்டத்தின் அழுத்தம் இந்தப் பாதையில் குறைவு.

3. ஆவணங்களும் பதிவும்

பதிவு முழுவதும் இணையத்தில்தான். தொடங்குமுன் கீழ்க்கண்டவற்றைக் கைப்பேசியில் ஒரே கோப்புறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: அண்மையில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், ஆதார் அல்லது வேறு அரசு அடையாள அட்டையின் தெளிவான நகல், நீங்கள் தவறாமல் பார்க்கும் மின்னஞ்சல் முகவரி, மாணவராக இருந்தால் நடப்புக் கல்வியாண்டைக் காட்டும் சான்று.

கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். அண்மை விழாக்களில் பொதுப் பிரிவுக்கு ஜிஎஸ்டி உட்பட 1,180 ரூபாயும், மாணவர்களுக்கு அதில் பாதியான 590 ரூபாயும் வாங்கினார்கள். விழாப் படங்கள் தணிக்கைச் சான்றிதழ் இல்லாமல், தனி விலக்கு பெற்றுத் திரையிடப்படுகின்றன. எனவே 18 வயது நிறையாத பிள்ளைகளை அழைத்துப்போகத் திட்டமிட வேண்டாம்.

மாணவர்கள் அடையாள அட்டையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அட்டையில் கல்வியாண்டு தெளிவாக இல்லையென்றால் சிக்கல் வரலாம் என்பதால், துறைத் தலைவர் வழியாக முதல்வரிடமிருந்து போனஃபைட் சான்றிதழ் ஒன்றை அக்டோபரிலேயே வாங்கிவைத்துவிடுங்கள். தேர்வு நெருங்கும் வாரங்களில் கல்லூரி அலுவலகத்தில் இந்தத் தாளுக்காக நிற்பது எளிதன்று.

பெயர் விஷயத்தில் தமிழ்நாட்டவர்களாகிய நாம் சிறப்பாகக் கவனம் செலுத்த வேண்டியிருக்கிறது. ஆதாரில் முன்னெழுத்து (இனிஷியல்) விரிவாக, தந்தை பெயராகவே இருக்கும். கல்லூரிச் சான்றில் ஒற்றை எழுத்தாக இருக்கும். வங்கிக் கணக்கில் பெயருக்குப் பின்னால் இருக்கும். பதிவில் ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். டெலிகேட் அட்டையை வாங்கும்போது கையில் காட்டப்போவதும் அந்த ஆவணம்தான். 

பணம் கட்டும்போது கணக்கில் பிடித்தம் ஆகிவிட்டு, பதிவு முடியாமல் நிற்பதும் உண்டு. அப்படி நேர்ந்தால் பதற்றத்தில் உடனே இரண்டாம் முறை கட்ட வேண்டாம். பரிவர்த்தனை எண்ணைத் திரைப்பதிவு எடுத்து வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து உள்நுழைந்து நிலையைப் பாருங்கள். அதே நேரத்தில், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளியும் போடாதீர்கள். டெலிகேட் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு.

அட்டை அஞ்சலில் வராது. வழுதக்காட்டில் உள்ள தாகூர் திரையரங்க வளாகத்தில், டெலிகேட் பிரிவில் நேரில் போய் வாங்க வேண்டும். அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். தொடக்க நாள் காலையில் அங்கே வரிசை நீளமாக இருக்கும் என்பதால், முதல் காட்சியை நம்பி வேறு திட்டம் போடாமல், அட்டை வாங்குவதற்கென்றே இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

4. தங்குமிடம்

தம்பானூரில், இரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடக்கும் தொலைவில் எடுங்கள். கைரளி, ஸ்ரீ, நிளா ஆகிய மூன்று அரங்குகளும் ஒரே வளாகத்தில் அங்கேயே இருக்கின்றன. தாகூரும் கலாபவனும் வழுதக்காட்டில், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்குள். சாதாரண லாட்ஜ் அறை நாளுக்கு 800 முதல் 1,200 ரூபாய் வரை ஆகும். இருவர் பகிர்ந்தால் பாதி. குளிக்கவும் தூங்கவும் மட்டுமே அறைக்கு வரப்போகிறீர்கள் என்பதால் கடற்கரைப் பக்கம் அழகான அறை தேடிப் போவது வீண். அரங்குகளில் ஏசி கடுமையாக இருக்கும். ஒரு சால்வையும், அந்த மாதத்து மழைக்கு ஒரு குடையும் பையில் இருக்கட்டும்.

5. போவதற்கு முன் கண்ணைப் பழக்குங்கள்

இதைப் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். எனக்கோ இதுதான் மிக முக்கியமான படியாகத் தோன்றுகிறது. விழாவில் பெரும்பாலான படங்களுக்கு ஆங்கிலத் துணையுரை மட்டுமே இருக்கும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும்கூட, எழுத்தைப் படித்துக்கொண்டே முகத்தையும் பார்ப்பது பழகினால்தான் வரும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வாரம் ஒரு படம் என்று வைத்துக்கொண்டு, வீட்டில் விளக்கை அணைத்து, இடையில் நிறுத்தாமல் பாருங்கள். நிறுத்தாமல் பார்ப்பதுதான் பயிற்சி.

தெரிந்த தமிழ்ப் படம் ஒன்றையும் தெரியாத அயல்மொழிப் படம் ஒன்றையும் இணையாக வைத்துத் தொடங்குவது நல்லது. எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954இல் பாடல்களே இல்லாமல் வந்த படம். ஒரு கொலையைப் பலருடைய பார்வையில் மாற்றி மாற்றிச் சொல்கிறது. அதைப் பார்த்த அடுத்த வாரம் அகிரா குரோசவாவின் ‘ரஷோமோன்’ படத்தைப் பாருங்கள். 1950இல் வந்தது, 88 நிமிடந்தான். பலர் பார்வையில் ஒரு நிகழ்வு என்னும் உத்தி இரண்டிலும் இருந்தாலும், முன்னது விடையைத் தேடிப் போகிறது. பின்னது விடை கிடைக்குமா என்பதையே ஐயப்படுகிறது. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால், விழாவில் முடிவு சொல்லாமல் முடியும் படங்களைப் பார்த்து எரிச்சல் வராது.

இரண்டாவது இணையாக, பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988), விட்டோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948). ஒன்றில் வீடு, இன்னொன்றில் மிதிவண்டி. சாமானியர் ஒருவருக்கு ஒரே ஒரு பொருள் தேவைப்படுகிறது, படம் முழுக்க அதைச் சுற்றியே நகர்கிறது. சத்துவாச்சாரியிலோ பாகாயத்திலோ மனை வாங்கி, அனுமதிக்கும் கடனுக்கும் அலைந்தவர்களுக்கு ‘வீடு’ படத்தின் ஒவ்வொரு காட்சியும் விளக்கம் இல்லாமலே புரியும்.

அடுத்து வேகத்தைக் குறைத்துப் பழக வேண்டும். யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) வயதான பெற்றோர் நகரத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் கதை. கேமரா தரையோடு தாழ்ந்து, பெரும்பாலும் அசையாமல் இருக்கும். அழுகையை இசை முன்கூட்டியே அறிவிக்காது. இரண்டேகால் மணி நேரம் இதற்கு உட்கார முடிந்தால், நீங்கள் விழாவுக்குத் தயார். கதையே இல்லாத படத்தையும் ஒருமுறை சோதித்துப் பார்க்க விரும்பினால், சிகா வெர்த்தோவின் ‘மேன் வித் எ மூவி கேமரா’ (1929) இருக்கிறது: ஊமைப்படம், நடிகர் இல்லை, நகரத்தின் ஒரு நாளைப் படத்தொகுப்பின் வேகத்தாலேயே நடத்திச் செல்கிறது. எனக்கு இது எந்தச் சண்டைப்படத்தையும் விட விறுவிறுப்பாக இருந்தது. உங்களுக்குத் தலை சுற்றினாலும் வியப்பில்லை.

திருவனந்தபுரத்துக்குப் போகிறவர்கள் மலையாளத்தின் பழைய மாற்று சினிமாவையும் தொட்டுவிட்டுப் போவது நல்லது. தமிழில் ‘அக்கிரகாரத்தில் கழுதை’ (1977) எடுத்த ஜான் ஆபிரகாம், பின்னர் மலையாளத்தில் ‘அம்ம அறியான்’ (1986) படத்தைப் பொதுமக்களிடம் சிறு சிறு தொகையாகப் பணம் திரட்டி எடுத்தார். அரவிந்தனின் ‘தம்ப்’ (1978) ஊருக்கு வரும் சர்க்கஸ் கூடாரத்தையும், அதை வேடிக்கை பார்க்கும் மக்களின் முகங்களையும் பதிவு செய்த கறுப்பு வெள்ளைப் படம். பழைய படச்சுருள்களைச் சீரமைத்துப் பாதுகாக்கும் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் மீட்டெடுத்த அதன் பிரதி 2022இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அரங்க வரிசையில் உங்கள் பக்கத்தில் நிற்பவர் இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்.

6. அட்டவணையைப் படிக்கும் முறை

அட்டவணை வந்ததும் எல்லாரும் அந்த ஆண்டு பெரிய விருது வாங்கிய புதுப் படங்களைத்தான் முதலில் தேடுவார்கள். நீங்கள் அவற்றை இரண்டாம் இடத்தில் வையுங்கள் என்பது என் உறுதியான கருத்து. விருதுப் படங்களில் பல ஓராண்டுக்குள் ஏதாவது ஓர் ஓடிடி தளத்துக்கு வந்துவிடும். காட்பாடியில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால், மீட்டெடுக்கப்பட்ட பழைய படம் ஒன்றைப் பெரிய திரையில், நிறைந்த அரங்கில் பார்க்கும் வாய்ப்பு நமக்கு மறுபடி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எனவே, மீட்டெடுக்கப்பட்ட செவ்வியல் படங்கள், ஓர் இயக்குநரின் படங்களை வரிசையாகக் காட்டும் பின்னோக்குப் பிரிவு, மறைந்தவர்களுக்கான அஞ்சலிப் பிரிவு ஆகியவற்றை முதலில் குறித்துக்கொண்டு, மிச்சமுள்ள இடைவெளிகளில் போட்டிப் பிரிவுப் படங்களையும் உலக சினிமாவையும் நிரப்புங்கள். முதலில் சொன்ன பழைய படப் பிரிவுகளில் இருக்கைக்கான போட்டி சற்றுக் குறைவு என்பதால் இடம் கிடைப்பதும் எளிது.

படத்தின் நீளத்தை எழுதிக்கொள்ள மறக்காதீர்கள். குரோசவாவின் ‘செவன் சாமுராய்’ 207 நிமிடம். அத்தகைய ஒரு படம் இரண்டு காட்சி நேரங்களை விழுங்கிவிடும். ஷாந்தல் ஆக்கெர்மானின் ‘ழான் டீல்மான்’ (1975) 201 நிமிடம். ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பதையும் படுக்கையை விரிப்பதையும் முழு நேர அளவில் காட்டும். 2022இல் பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ திரைப்பட இதழ் உலகின் மிகச் சிறந்த படங்களுக்காக நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் பெற்ற படமே ஆனாலும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் இதை வைத்தால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். மெதுவான படங்களைக் காலை முதல் காட்சியிலும், நகைச்சுவையும் விறுவிறுப்பும் உள்ளவற்றைப் பிற்பகலிலும் வையுங்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து காட்சிகள் பார்க்க முடியும். மூன்றே பாருங்கள், நல்ல பசியும் தெம்பும் இருந்தால் நான்கு. அடுத்தடுத்த காட்சிகளை ஒரே பகுதியில் அமைத்துக்கொள்ளுங்கள். கனகக்குன்று வளாகத்தில் உள்ள நிசாகந்தி திறந்தவெளி அரங்கை இரவுக் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

அட்டவணை கடைசி நேரத்தில் மாறும் என்பதையும் மனத்தில் வையுங்கள். 2025 விழாவில் 19 படங்களுக்கு மத்திய அரசின் விலக்கு அனுமதி உரிய நேரத்தில் கிடைக்காமல் காட்சிகள் கலைந்தன. நூறு ஆண்டுக்கு முன் வந்த ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’ படமும் அவற்றில் ஒன்று. ஒவ்வொரு காட்சி நேரத்துக்கும் மாற்றாக ஒரு படத்தைக் குறித்து வைத்திருந்தால், வெளியே நின்று கைப்பேசியைத் துழாவ வேண்டியிராது.

7. இருக்கை முன்பதிவும் வரிசையும்

டெலிகேட் அட்டை இருந்தாலே இருக்கை உறுதி என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. விழாவின் செயலியிலோ இணையதளத்திலோ ஒவ்வொரு காட்சிக்கும் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். அது முந்தைய நாள் காலை 8 மணிக்குத் திறக்கும். பேசப்படும் படங்கள் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். ஆகவே 7.50க்கே உள்நுழைந்து, மிகவும் வேண்டிய படத்தை முதலில் எடுத்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். கடவுச்சொல்லை மறந்துவிட்டு எட்டு மணிக்கு மாற்றிக்கொண்டிருந்தால் அன்றைய நாள் முடிந்தது. முதல் நாள் காட்சிகளுக்கான முன்பதிவை இரயிலுக்குக் கிளம்பும் அன்று காலையில், வீட்டிலிருந்தே செய்துவிடுவது நல்லது. கொல்லம் பக்கம் ஓடும் வண்டியில் இணைப்பை நம்ப முடியாது.

முன்பதிவு கிடைக்காதவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கைகள் ஒதுக்கப்படுகின்றன. அதற்கான தனி வரிசையில் முக்கால் மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும். முன்பதிவு செய்துவிட்டு வர முடியாமல் போனால் இரத்து செய்துவிடுங்கள். வரிசையில் நிற்கும் ஒருவருக்கு அந்த இடம் போகும். பிடிக்காத படத்திலிருந்து நடுவில் எழுந்து போவதை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும், முதல் அரை மணி நேரத்துக்குள் எந்தப் பழைய படத்தையும் கைவிட வேண்டாம். அந்தப் படங்கள் மெதுவாகவே கதவைத் திறக்கின்றன.

8. மொத்தச் செலவு

நான்கு நாளுக்கு, தனியாகப் போகும் ஒருவருக்கு உத்தேசமாக: பதிவு 1,180, ஸ்லீப்பரில் போக வர 900, மூன்று இரவு அறை 3,000, சாப்பாடு நாளுக்கு 300 வீதம் 1,200, ஆட்டோ, நகரப் பேருந்து 400. ஆக 6,700 ரூபாய்க்குள். அறையைப் பகிர்ந்துகொண்டால் 5,200க்குள் முடியும். மாணவராக இருந்தால் இன்னும் 590 குறையும். ஏசி பெட்டியில் போனால் ஏறத்தாழ 1,500 கூட்டிக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கிறேன் என்று தேநீரும் பழம்பொரியுமாக ஓட்டாதீர்கள். மூன்றாம் நாள் தலைவலியில் படம் பார்க்க முடியாது.

9. அவ்வளவு தூரம் போக இயலாதவர்களுக்கு

இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் நடத்தும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவும் டிசம்பரில்தான் வருகிறது. 2024இலும் 2025இலும் இரண்டு விழாக்களும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் மோதின. எனவே இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். காட்பாடியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அறை எடுக்காமலே காலை வண்டியில் போய், மூன்று படம் பார்த்துவிட்டு இரவு திரும்பலாம். சீசன் சீட்டில் சென்னைக்கு வேலைக்குப் போய்வருபவர்களுக்கு இரயில் செலவும் இல்லை. ஆனால், கடைசிக் காட்சி முடிந்து சென்ட்ரலுக்கு வந்து சேர ஒரு மணி நேரமாவது விட்டுத்தான் திரும்பும் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் பேருந்துதான்.

டிசம்பரில் தேர்வுப் பணியோ தேர்வோ இருப்பவர்களுக்குப் பெங்களூரு விழா பொருந்தும். கர்நாடகச் சலனசித்ர அகாதெமி நடத்தும் அது 2025இல் மார்ச் முதல் வாரத்திலும், 2026இல் ஜனவரி இறுதியிலும் தொடங்கியது. தேதி நிலையாக இருப்பதில்லை என்பதால், டிசம்பர் பிற்பாதியிலிருந்தே அறிவிப்பைக் கவனித்துவர வேண்டும். காட்பாடியிலிருந்து காலை வண்டியில் நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சபரிமலை நெரிசல் அப்போது ஓய்ந்திருக்கும் என்பதால், சீட்டை இரண்டு வாரத்துக்கு முன் எடுத்தாலும் பெரும்பாலும் கிடைக்கும்.